பிடிப்பு

நெய்யூர்,
12-2-1951

பிரியமுள்ள தம்பி குமாரதாசுக்கு அக்கா சத்தியபாய் எழுதுவது.

நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் செசிலியும் பிள்ளை லீமாவும் சுகந்தானே? பண்டாரவளையில் குளிர் குறைந்திருக்கிறதா?

ஆசுபத்திரியில் என் வேலை மாறியிருக்கிறது. இங்கிலாந்திலிருந்து புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார்கள். தமிழைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். நம் ஆட்கள் வாயைத் திறந்தால் அவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. மூன்றாம் பாரம் வரை படித்தவள் என்று என்னைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நோயாளி சொல்வதை இங்கிலீஷிலும் டாக்டரம்மா கேட்பதைத் தமிழிலும் நான் சொல்ல வேண்டும்.

முதல் நாளே மானம் போயிற்று. குளச்சலிலிருந்து வந்த ஒரு மீன்காரியிடம் வலி ஷார்ப்பா என்று கேட்கச் சொன்னார்கள். "வலி கூர்மையா இருக்கா?" என்று கேட்டேன். "கூர்மையா இருக்கதுக்கு அது என்ன கத்தியா பிள்ளே?" என்றாள். வார்டே சிரித்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஷார்ப், அக்யூட், கீன் என்கிறார்கள். டைட், டாட், டென்ஸ், ஸ்ட்ரெயின் என்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலக் கேட்கிறது. நீ அங்கே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். எனக்கும் கொஞ்சம் எழுதேன்.

அம்மாவைப் பற்றிக் கேட்பாய். அம்மாவின் பேச்சை மீறிச் செசிலியைக் கூட்டிக்கொண்டு நீ கப்பலேறிய நாளிலிருந்து எப்படியோ அப்படியே இருக்கிறாள். தபால்காரன் குரல் கேட்டால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறாள்.

உன் கடிதத்தை எதிர்பார்க்கும்,
அக்கா

*

பண்டாரவளை, இலங்கை,
3-3-1951

அன்பான அக்காவுக்குத் தோத்திரம்.

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். மீன்காரியின் பதிலைச் செசிலிக்குப் படித்துக் காட்டினேன். "எங்க ஆளுவ அப்பிடித்தான் கேப்பாவ" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஷார்ப் என்பது குத்து. முள் தைத்தால் எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டலாம் இல்லையா, அதுதான். "குத்துதா, சுள்ளுன்னு இருக்கா?" என்று கேள்.

கீன் வேறு. அது முனையின் கூர்மை இல்லை, விளிம்பின் கூர்மை. இங்கே விடியற்காலையில் அடிக்கிற காற்று சட்டைக்குள் நுழைவது தெரியாது. எலும்பில் பட்ட பிறகுதான் தெரியும். அதைக் கீன் என்பார்கள். பசிக்கும் துக்கத்துக்கும் அந்தச் சொல் உண்டு. டாக்டரம்மா வலிக்கு அதிகம் சொல்லமாட்டார்கள்.

அக்யூட் என்றால் ஏமாந்துவிடாதே. அதுவும் கூர்மையில் பிறந்த சொல்தான், ஆனால் டாக்டர்கள் வாயில் அதற்குத் திடீரென்று வந்து ஏறுவது என்று பொருள். மாதக்கணக்காய்க் கூடவே நடமாடுகிற நோவை அக்யூட் என்று சொல்லமாட்டார்கள். "எப்பம் தொடங்கிச்சு?" என்று கேட்டால் உனக்கு விளங்கிவிடும்.

டைட், டென்ஸ் வகையறா இழுப்புச் சாதி. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். பரீட்சைத் தாள் குவிந்து கிடக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற ஏற்றமும் வரவரப் பெரிதாகிறது.

அம்மா என் பெயரைச் சொன்னாளா?

தம்பி குமாரதாஸ்

*

நெய்யூர்,
22-3-1951

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லாரும் சுகமென்று அறிந்து சந்தோஷம். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு முட்டில் நீர் கோத்து இறங்கியது. வேறு குறை இல்லை.

நீ எழுதியது பலித்தது. குலசேகரத்திலிருந்து ரப்பர் வெட்டுகிற ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். "எப்பம் தொடங்கிச்சு?" என்றேன். "நேத்து ராத்திரி கஞ்சி குடிச்சிட்டு இருக்கும்போ" என்றான். "எங்கண?" என்றேன். ஒரு விரலை வைத்துக் காட்டினான். அக்யூட், ஷார்ப் என்று இரண்டே சொல் சொன்னேன். டாக்டரம்மா உடனே அறுவைக்கு ஏற்பாடு செய்தார்கள். ஆள் பிழைத்தான். போகும்போது எனக்கு ஒரு பலாப்பழம் கொண்டுவந்து தந்தான்.

இப்போது இழுப்புச் சாதியில் தடுமாறுகிறேன். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து டென்ஸ் என்கிறார்கள். அதே நோயாளியிடம் டைட்டா என்று கேள் என்கிறார்கள். இரண்டும் இறுக்கந்தானே? சீக்கிரம் எழுது.

நீ கடைசியில் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை.

அக்கா

*

பண்டாரவளை,
14-4-1951

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். உன் ரப்பர்காரன் பிழைத்தது என் சம்பளத்தைவிடப் பெரிய சந்தோஷம். அம்மா முட்டுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவு. நான் சொன்னேன் என்று சொல்லாதே.

இனி இழுப்பு. டாட் என்பது இரண்டு பக்கமும் இழுத்துத் தொய்வில்லாமல் நிற்கிற கயிறு. செசிலியின் அப்பா மரியான் கரைமடி வலை இழுக்கும்போது கடலுக்கும் கரைக்கும் நடுவில் நிற்குமே, அந்தக் கயிறு. அதில் நோவு இல்லை, வேலை இருக்கிறது.

டென்ஸ் உயிருள்ளதற்குள் இருக்கிற விறைப்பு. அடி விழப்போகிறது என்று தெரிந்த பையனின் முதுகு அப்படி இருக்கும். தொடுகிற டாக்டரின் கைக்குத் தெரியும். நோயாளிக்குத் தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் டாக்டரம்மா டென்ஸ் என்று தாமே சொல்லிவிட்டு, டைட்டா என்று அவனிடம் கேட்கச் சொல்கிறார்கள். ஸ்ட்ரெயின் என்பது தாங்குகிற அளவுக்கு மேல் இழுத்ததால் வந்த கேடு.

டைட் என்பது பிடிப்பு. ஒரு மனிதன் காலையில் சாப்பிட்டுவிட்டு ஏற்றம் ஏறுகிறான் என்று வை. பாதி வழியில் நெஞ்சுக்கு நடுவே யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி பிடிக்கிறது. குத்தவில்லை. விரலால் காட்டச் சொன்னால் முடியாது, முழுக் கையையும் விரித்துத்தான் நெஞ்சில் வைக்க வேண்டும். இடது கை முழங்கைவரை கனக்கிறது. அவன் நின்று, தேயிலையைப் பார்க்கிறவன்போலக் கொஞ்சநேரம் பார்க்கிறான். பிடித்த கை மெல்ல விடுகிறது. மறுபடி நடக்கிறான். அது டைட். ஷார்ப் இல்லை.

இது போதுமா? வகுப்பில்கூட நான் இத்தனை நன்றாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

தம்பி

*

நெய்யூர்,
2-5-1951

குமாரதாஸ்,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? வழக்கமாகக் கேட்கிற கேள்வியாக இதை எடுத்துக்கொள்ளாதே.

போன வாரம் திங்கள்சந்தையில் மிட்டாய்க் கடை வைத்திருக்கிற சுயம்புலிங்கம் வந்தார். நெஞ்சு வலி என்றார். "குத்துதா?" என்று கேட்டேன். "குத்தல்லே, பிடிக்குது" என்றார். எங்கே என்றதும் கையை விரித்து நெஞ்சில் வைத்தார். "நடந்தா பிடிக்கும். நின்னா விடும். இந்தக் கை சுமடு சுமந்த மாதிரி கனக்கும்" என்றார். டைட் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போதே உன் கடிதம் நினைவுக்கு வந்தது. அவர் பேசியது நீ எழுதியிருந்ததுதான், ஒரு சொல் மாறவில்லை.

இருதயத்துக்கே ரத்தம் போதவில்லை என்று டாக்டரம்மா சொன்னார்கள். ஏற்றம் ஏறக் கூடாது, சுமக்கக் கூடாது, சாப்பிட்டதும் நடக்கக் கூடாது என்றார்கள். மீறினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். டாக்டரம்மா சொன்ன பதிலை நான் அவருக்குத் தமிழில் பாதிதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். தேயிலையைப் பார்க்கிறவன்போல நிற்கிற அந்த மனிதன் யார்?

சத்தியபாய்

*

பண்டாரவளை,
25-6-1951

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். மழை, பரீட்சை, லீமாவுக்குக் காய்ச்சல் எல்லாம் சேர்ந்துகொண்டன. இப்போது எல்லாரும் சுகம்.

நீ நன்றாகப் பயந்துபோயிருக்கிறாய். வாத்தியார் உதாரணம் சொன்னால் அது அவன் கதையாகிவிடுமா? இங்கே பலர் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறார்கள். அவர்களைப் பார்த்து எழுதினேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஒரு பேச்சுக்கு அப்படியே இருந்தாலும் என்ன செய்ய முடியும்? பள்ளிக்கூடம் மலைமேல்தான் இருக்கிறது. புதுக் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு நம் நாட்டுக்காரன் வேலையை விட்டால் கப்பலேற வேண்டியதுதான். கப்பலிலிருந்து இறங்கினால் போவதற்கு ஒரு வீடு வேண்டும்.

வேறு சொல் ஏதாவது இருந்தால் கேள்.

தம்பி

*

பண்டாரவளை,
4-8-1951

மரியாதைக்குரிய மைனிக்குச் செசிலி எழுதுவது. எல்லாருக்கும் தோத்திரம்.

நீங்கள் எனக்கென்று தனியாக எழுதிய கடிதமும், இங்கே வந்த தூத்துக்குடிக்காரரிடம் கொடுத்தனுப்பிய மாத்திரையும் கிடைத்தன. இத்தனை வருஷத்தில் என் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது.

எனக்கு எதுவும் தெரியாது மைனி. வாயு என்று சொல்லி இஞ்சி கேட்பார், நானும் இடித்துக் கொடுப்பேன். உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் அவர் பள்ளிக்கூடம் போகும்போது தெரியாமல் பின்னால் போனேன். மூன்று இடத்தில் நின்றார். மூன்றாவது இடத்தில் கல்லில் உட்கார்ந்துவிட்டார். கையை நெஞ்சில் விரித்து வைத்திருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"நீ எதுக்குட்டி வந்தே?" என்றார்.

"எத்தன நாளா இப்பிடி?" என்றேன்.

"போன வருஷத்து மழைக்கு முன்ன தொடங்கிச்சு. அக்கா சொன்னாளா?" என்றார். அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நானும் கூடவே ஏறினேன்.

மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தால் கேட்கிறது. கீழே இருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொல்லிப் பெரிய வாத்தியாரிடம் கேட்டோம். இடம் இல்லை என்றார். ஊருக்கு வந்துவிடலாம் என்றால், அத்தை வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பனும், வேறு சபையில் தாலி கட்டியவள் இந்தக் கடல்துறையில் கால் வைக்கக் கூடாது என்று இராஜாக்கமங்கலத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். லீமா பிறந்ததைக்கூட எழுதவில்லை நான்.

அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் மைனி.

செசிலி

*

நெய்யூர்,
28-8-1951

பிரியமுள்ள தம்பிக்கு,

மாத்திரை தீருமுன் எழுது, அனுப்புகிறேன். மெல்ல நட. செசிலி எழுதியிருந்தாள். இனிமேல் என்னிடம் மறைக்க உனக்கு ஒன்றுமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். கிழங்கு அரிந்துகொண்டிருந்தாள். உன் பெயரைச் சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தாள். "இரு அம்மா, அவனுக்கு நெஞ்சில நோவு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன நோவு?"

சுயம்புலிங்கத்துக்கு வந்ததுதான் என்றேன். அந்த மனுஷனை ஆனி மாதம் அடக்கம் பண்ணினது அவளுக்குத் தெரியும். அரிவாளைக் கீழே வைத்தாள். பிறகு, "அவன் அப்பனுக்கும் நெஞ்சுதான்" என்றாள். அரிந்த கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "அவனெ வரச் சொல்லு" என்றாள்.

தம்பி, ஏழு வருஷத்துக்குப் பிறகு சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். புறப்பட்டு வா. டாக்டரம்மா உன்னைப் பார்க்கச் சம்மதித்துவிட்டார்கள்.

அக்கா

*

பண்டாரவளை,
20-9-1951

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். மாத்திரை இருக்கிறது. சுகம் என்று பழக்கத்தில் எழுதப் போனேன். நீ நம்பமாட்டாய். பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

அம்மாவின் வார்த்தையைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. செசிலியும் படித்தாள். படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் தந்து, "நீங்க போயிட்டு வாருங்க" என்றாள். வாருங்க என்று சொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீ கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறவள். அதனால் கேட்கிறேன். அம்மா 'அவனை' என்றாளா, 'அவர்களை' என்றாளா? 'அவனை' என்றுதான் சொன்னாள் என்றால், நான் மட்டும் வந்து அந்த வீட்டில் படுத்துக்கொண்டு, இவளையும் பிள்ளையையும் இந்தக் குளிரில் விட்டுவைக்க என்னால் முடியாது. அம்மா அப்படி நினைத்துச் சொல்லியிருக்கமாட்டாள், வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாள் என்று செசிலியிடம் வாதாடினேன். எனக்கே நிச்சயமில்லை.

இன்னொரு தரம் கேட்டு எழுது. டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடும். அதுவரை மெல்ல நடக்கிறேன்.

தம்பி

*

பண்டாரவளை,
20-11-1951

மைனிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அதில் எழுத முடியாததை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மழை பெய்துகொண்டிருந்தது. போக வேண்டாம் என்றேன். கடைசிப் பரீட்சை, போகாவிட்டால் பையன்கள் பாடு கஷ்டம் என்றார். குடையை எடுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்து வாசல்வரை ஏறிவிட்டார் மைனி. நடுவில் எங்கும் நிற்கவில்லையாம். மணி அடித்துவிட்டதால் வேகமாக வந்ததாகச் சொல்கிறார்கள். மாத்திரைக் குப்பியின் மூடியைத் திறக்குமுன் விழுந்துவிட்டார்.

இங்கத்து டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட்டில் அக்யூட் என்று இருக்கிறது. மற்றது எனக்குப் படிக்கத் தெரியவில்லை, அந்த ஒரு சொல் தெரிந்தது. உங்களுக்கு எழுதும்போது அவர் அந்த இங்கிலீஷ் சொல்லை எனக்கும் எழுதிக் காட்டினார். திடீரென்று வருவதுதான் அக்யூட் என்றார். இது திடீரென்று வந்ததா மைனி? டாக்டரிடம் கேட்க நினைத்தேன். கேட்டு என்ன?

அடக்கம் முடிந்த மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. எல்லாரும் வரட்டும் என்று அத்தை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். புயலில் கப்பல் தடைப்பட்டுத் தபால் தாமதம் என்றார்கள். படித்துவிட்டு உறைக்குள் வைத்துவிட்டேன்.

பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

செசிலி

*

நெய்யூர்,
18-12-1951

அன்புள்ள செசிலிக்கு,

நீயும் லீமாவும் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவன் கேட்டு எழுதியதும் அம்மாவிடம் போனேன். அவனையா, அவர்களையா என்று கேட்டேன். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். நாலைந்து தரம் கேட்டேன். ஒருநாள் கோயில் முடிந்து வரும்போது நடு ரோட்டில் நின்று சொன்னாள்: "அவளெப் பற்றி நான் பேசின பேச்சு கொஞ்சமா? அவ வந்து நின்னா நான் எந்த மொகத்தோட பாப்பேன்?" அவளுக்குக் கோபம் எப்போதோ போய்விட்டது. வெட்கம்தான் மிச்சம். அன்றைக்குத்தான் "எல்லாரும் வரட்டு" என்றாள். அன்றே எழுதிப் போட்டேன். இதை உன்னிடம் சொல்வதால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும்.

தந்தி வந்தபோது அம்மா அழவில்லை. மறுநாள் காலையில் கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். எங்கே என்றதற்கு, "ராஜாக்கமங்கலத்துக்கு" என்றாள். நானும் கூடப் போனேன். இரண்டு பஸ் மாறித் துறையில் இறங்கினோம். உன் அப்பா வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரு?" என்றார்.

"குமாரதாசுக்க அம்மை."

எழுந்து நின்றார். "எதுக்கு வந்திய?"

"எனக்க மவன் போயிட்டான்" என்றாள் அம்மா.

அவர் வலையைக் கீழே போட்டார். பிறகு மெல்ல, "எனக்க மவ?" என்றார்.

"இருக்கா. பிள்ளையும் இருக்கு."

"பிள்ளையா?" என்று அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "என்ன பிள்ளை?"

"பொம்பளப் பிள்ளை. லீமா."

அந்தப் பெயரை அம்மா சொல்லி நான் கேட்பது அதுதான் முதல் தரம். உன் அப்பா முகத்தை மூடிக்கொண்டார். "எனக்க அம்மைக்க பேரு" என்றார். அம்மா அவர் பக்கத்தில், மணலிலேயே உட்கார்ந்தாள். உங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தரும் எங்களைப் போகச் சொல்லவில்லை.

எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் வா செசிலி. இரண்டும் திறந்திருக்கின்றன. கப்பல் எப்போது என்று மட்டும் எழுது.

சத்தியபாய்

*

பண்டாரவளை,
21-1-1952

அன்புள்ள மைனிக்கும், அத்தைக்கும், அங்கே கேட்கிறவர் எல்லாருக்கும் தோத்திரம்.

உங்கள் கடிதத்தைப் பலதரம் படித்தேன். அப்பன் மணலில் உட்கார்ந்த இடம் வரும்போது ஒவ்வொரு தரமும் நிறுத்திவிடுகிறேன். அத்தை முட்டு நோவோடு இரண்டு பஸ் ஏறிப் போனார்களே, அதை நான் மறக்கமாட்டேன். அவர் உயிரோடு இருந்து இதைப் படித்திருந்தால் ஊரையே கூட்டிச் சொல்லியிருப்பார்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இங்கே கன்னியர் மடத்தில் தையல் சொல்லிக்கொடுக்க வேலை தந்திருக்கிறார்கள். தங்க ஓர் அறையும் உண்டு. இந்த நாட்டில் இருக்கிற பர்மிட்டுக்கு மடத்தாரே எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவர் படுத்திருக்கிற இடம் மடத்துக்குப் பக்கத்தில்தான். இந்தக் கடிதத்தில் கப்பல் தேதி எழுத வேண்டும் என்று இரண்டு தரம் பேனாவை எடுத்தேன். முடியவில்லை.

லீமாவிடம் ஊருக்குப் போவோமா என்று கேட்டேன்.

"அங்க போனா அப்பா இருப்பாவளா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"அப்பம் எதுக்குப் போணும்?"

சொல்ல எனக்கு ஒரு பதிலும் கிடைக்கவில்லை மைனி. கிடைக்கிறவரை இங்கேதான் இருப்போம். அத்தையிடம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

செசிலி